மார்பகக் கட்டிச் சோதனையின் முடிவு வரும் வரை: அந்த நாள்களைக் கடப்பது எப்படி?

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் எடுங்கள், தேவைப்பட்டால் ஊசி வைத்துப் பார்த்துவிடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டுக்கும் கடைசி அறிக்கைக்கும் இடையில் ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை என்று செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது; இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருப்பவருக்கோ காத்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. என் அக்காவுக்கு 42 வயதில் இப்படி ஒரு கட்டி வந்தபோது, அறிக்கைக்காக நாங்கள் காத்திருந்தது பதினாறு நாள்கள். அந்த நாள்களில் எது உதவியது, எது கெடுத்தது என்பதை வைத்தே இதை எழுதுகிறேன்.

"கவலைப்படாதே" என்ற சொல்லால் எந்தக் கவலையும் போனதில்லை என்பதால், அதை இங்கே சொல்லப் போவதில்லை. கவலை இருக்கத்தான் செய்யும். அது நாள் முழுவதையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் ஆகக்கூடியது. அதற்கு முதல் தேவை, என்ன நடந்துகொண்டிருக்கிறது என்ற தெளிவு.

காத்திருப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு

மார்பகத்தில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இருபதுகளில் இருக்கும் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டி. விரலால் தொட்டால் கோலிக்குண்டு போல வழுக்கி நகரும். முப்பத்தைந்துக்கு மேல், மாதவிடாய் நிற்பதற்கு முன்பான ஆண்டுகளில் நீர்க்கட்டிகள் அதிகம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பால் கட்டிக்கொள்வதும் சீழ் பிடிப்பதும் உண்டு. வயது கூடக்கூடப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது என்பதால்தான், எந்த வயதிலும் கட்டியைச் சோதிக்காமல் விடுவதில்லை. "வலி இருக்கிறது, அதனால் புற்று இல்லை" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவார்கள். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது உண்மைதான், ஆனால் வலி இருப்பதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

அடுத்த பயம், "இந்த இரண்டு வாரத்தில் பரவிவிட்டால்?" என்பது. மார்பகப் புற்று, கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்வதற்கே பொதுவாக ஆண்டுக்கணக்கில் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, முதன்முதலாக மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாள்களுக்குள் ஸ்கேன், திசுச் சோதனை எல்லாம் முடிந்து நோய் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும் என்பதை இலக்காக வைத்திருக்கிறது. ஆகவே, தேதி குறித்த சோதனைக்காகச் சில வாரங்கள் காத்திருப்பதால் வாய்ப்பு நழுவிவிடுவதில்லை. "ஆடி கழியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும், கல்யாணம் நடக்கட்டும்" என்று மாதக்கணக்கில் ஒத்திப்போடுவதுதான் ஆபத்து. அடுத்த சோதனைக்கான தேதி கையில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் நீங்கள் காத்திருக்கிறீர்கள். இல்லையென்றால், கவலைப்படுவதற்கு முன்னால் அந்தத் தேதியை வாங்குங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மார்பகம் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகத் தடித்தாலோ, காய்ச்சலோடு கடும் வலி வந்தாலோ குறித்த தேதி வரும் வரை இருக்காமல் உடனே சென்று காட்டிவிட வேண்டும். காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால், அல்லது காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டால், மருத்துவமனைக்குச் சொல்லித் தேதியை முன்னதாகக் கேளுங்கள்.

சோதனைகள் என்னென்ன செய்கின்றன

மூன்று வழிகளில் பார்த்து, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதே முறை: மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது. எனவே "ஸ்கேனுக்குப் பிறகு ஊசியும் வேண்டும் என்கிறார்களே" என்று இடிந்துபோகத் தேவையில்லை. இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது என்பதால் அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். நாற்பதை நெருங்கியவர்களுக்கும் தாண்டியவர்களுக்கும் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் சேரும். மேமோகிராமில் மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்துவார்கள்; வலிக்கத்தான் செய்யும், ஆனால் உடனே விட்டுவிடுவார்கள். அன்று அக்குளில் பவுடரும் வாசனைத் தெளிப்பானும் வேண்டாம், அவை படத்தில் புள்ளிகளாக விழக்கூடும். சேலையோ, மேல்சட்டை தனியாகக் கழற்றக்கூடிய உடையோ அணிந்து சென்றால் கூச்சம் பாதி குறையும்.

ஊசிச் சோதனையில் இரண்டு வகை உண்டு. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது எஃப்.என்.ஏ.சி.; தடித்த ஊசியால் நூல் போன்ற திசுத் துண்டுகளை எடுப்பது கோர் பயாப்ஸி. பின்னதற்கு மரத்துப்போகும் மருந்து போடுவார்கள், கருவி 'டக்' என்று பெரிதாகச் சத்தம் போடும்; அந்தச் சத்தத்தை முன்பே கேட்க வைக்கச் சொன்னால் பலர் மறுக்காமல் செய்துகாட்டுவார்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எடுத்த பிறகு அந்த இடம் கன்றி நீலமாகலாம், இரத்தம் கட்டி முன்பைவிடப் பெரிதாகவும் தோன்றலாம். கட்டி வளர்ந்துவிட்டதென்று அதற்கு அர்த்தமில்லை.

"ஊசி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. உண்மையில், ஊசிச் சோதனை செய்துகொண்டதால் நோய் முற்றிவிடுவதில்லை. மாறாக, இன்னதென்று தெரியாமலே அறுத்து எடுத்துவிட்டு, பிறகு புற்று என்று தெரிந்து இரண்டாம் முறை அறுப்பதுதான் நோயாளிக்குச் சங்கடம். முதலில் ஊசி, அப்புறம்தான் கத்தி. சூடாக ஒத்தடம் கொடுப்பது, பச்சிலை வைத்துக் கட்டுவது, எண்ணெய் போட்டு உருவுவது ஆகியவற்றையும் இந்த நாள்களில் தவிர்த்துவிடுங்கள். தோல் புண்ணானால் மருத்துவர் பார்ப்பதற்கே கடினமாகிவிடும்.

அறிக்கை ஏன் தாமதமாகிறது

எஃப்.என்.ஏ.சி. முடிவு ஓரிரு நாளில் வந்துவிடும். பயாப்ஸி அப்படியல்ல: எடுத்த திசுவை ஃபார்மலினில் பல மணி நேரம் ஊறவைத்து, நீரை நீக்கி, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவி, சாயம் ஏற்றி, அதன் பிறகே நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். இதற்குச் சில நாள்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். பார்க்கிறவருக்குச் சிறு சந்தேகம் வந்தாலும் இன்னொரு சாயம் போட்டுப் பார்ப்பார். அதற்கு மேலும் சில நாள்கள். என் அக்காவின் அறிக்கை இப்படித்தான் தள்ளிக்கொண்டே போனது, 'கெட்ட செய்தி என்பதால்தான் சொல்லத் தயங்குகிறார்கள்' என்று வீட்டில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம். கடைசியில் வந்தது ஸ்கிளிரோசிங் அடினோசிஸ். புற்றைப் போலவே தோற்றம் காட்டும் தீங்கற்ற மாற்றம் அது. புற்று இல்லை என்று உறுதிசெய்யத்தான் அந்தக் கூடுதல் சாயம் தேவைப்பட்டிருக்கிறது. தாமதத்தை வைத்து முடிவை ஊகிக்காதீர்கள். 'போதிய செல்கள் இல்லை' என்று வந்தாலும், மறுபடி எடுக்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை.

மேமோகிராம் அறிக்கையின் அடியில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அதைப் பேருந்திலேயே உறையைக் கிழித்துப் படித்துவிட்டு, இணையத்தில் தேடி அழுதவள் என் அக்கா. 0 என்றால் இன்னும் படம் வேண்டும் என்று பொருள். 1, 2 கவலைக்குரியவை அல்ல. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 4 என்பது மிக அகலமான பெட்டி: 4ஏ-இல் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம், 4சி-இல் 50 முதல் 95 வரை. 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. அவளுக்கு இருந்தது 4ஏ. அந்தப் பக்கத்தில் இருந்த ஏ என்ற எழுத்தை அவள் கவனிக்கவே இல்லை. பைராட்ஸ் எண் படத்தைப் பற்றிய கணிப்பு. தீர்ப்புச் சொல்வது திசு.

பகலும் இரவும்

ஒரு நாளைக்கு ஒரு கால்மணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்குங்கள், மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளலாம், படுக்கப்போகும் நேரம் வேண்டாம். ஒரு நோட்டில், மனத்தில் வருவதையெல்லாம் எழுதி, 'இப்போதே செய்யக்கூடியது', 'முடிவு வந்தபின்தான் யோசிக்கக்கூடியது' என்று பிரியுங்கள். காப்பீட்டு அட்டையைத் தேடி எடுப்பது முதல் பக்கம். பெண்ணின் கல்யாணம் இரண்டாம் பக்கம். மற்ற நேரத்தில் எண்ணம் தலைகாட்டினால், ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவையுங்கள். இரண்டு மூன்று நாள் இது விளையாட்டு போலத்தான் இருக்கும், அப்புறம் பிடிபடும்.

கட்டியை அடிக்கடி அழுத்திப் பார்ப்பதை நிறுத்துவது இதைவிடக் கடினம். அழுத்த அழுத்த அந்த இடம் நோகும், நோவு புதுப் பயத்தைக் கிளப்பும். மருத்துவர் பார்த்தாகிவிட்டதால், உங்கள் விரல் புதிதாகக் கண்டுபிடிக்க இனி ஒன்றுமில்லை.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிச் சில நிமிடங்கள் விடுங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கைக்கு வேலை கொடுப்பது நல்லது. அக்கா ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அந்தத் தை மாதம் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் பிதுக்குப் பருப்புக் குழம்புதான்.

யாரிடம் சொல்வது என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். இரண்டு பேர் போதும்: மருத்துவமனைக்குக் கூட வர ஒருவர், மற்றவர்களின் விசாரிப்பைத் தாங்கிக்கொள்ள ஒருவர். கேட்கிற சொந்தக்காரர்களுக்கு, "ஒரு டெஸ்ட் எடுத்திருக்கிறேன், முடிவு வந்ததும் நானே கூப்பிடுகிறேன்" என்பதற்கு மேல் சொல்லக் கடமையில்லை. "ஒன்றும் இருக்காது, விடு" என்று சொல்லிவிட்டு நகர்கிற கணவரிடம் மனத்தைக் கொட்டுவதைவிட, "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என்னோடு வாருங்கள்" என்று கேட்பது பலன் தரும். பயத்தில் பேச்சு வராத ஆண்களுக்கும் கூடச் சென்று உட்கார்ந்திருக்க வரும். இறுக்கமான உள்ளாடையாலோ, எப்போதோ பட்ட அடியாலோ புற்று வருவதில்லை. அந்த வகைக் குற்றவுணர்வை நோட்டில்கூட எழுத வேண்டாம்.

நாள்கணக்கில் சோறு இறங்கவில்லை, தூக்கமே இல்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் முடிவு வரும் வரை பொறுக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

முடிவு வாங்கும் நாள்

அறிக்கையைத் தனியாகக் கைபேசியில் திறக்காமல், மருத்துவரின் எதிரில் உட்கார்ந்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு கேளுங்கள். பதற்றத்தில் காது பாதியைத்தான் வாங்கும் என்பதால், கேள்விகளை எழுதிச் செல்லுங்கள். வந்தவர் பதில்களை எழுதட்டும். மூன்று சோதனைகளும் ஒத்துப்போகின்றனவா, அடுத்த படி என்ன, எத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால், திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி வேறு மருத்துவமனையில் காட்டலாம். மறுபடி ஊசி போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. தீங்கற்றது என்று வந்தாலும், திரும்ப எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். அக்காவின் சீட்டில் கடைசியாக இருந்த கேள்வி அதுதான். மருத்துவர் ஆறு மாதம் என்றார். அவள் அங்கேயே நாட்காட்டியைக் கேட்டு வாங்கித் தேதியைக் குறித்துக்கொண்டாள்.