மேத்யூ பாரிஸ் பாணியில் ஒரு சுவடிப் பக்கம்: முதல்முறை வரைபவர்களுக்கு

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் 1217இல் பெனடிக்ட் சபைத் துறவியாகச் சேர்ந்த மேத்யூ பாரிஸ், தன் காலத்து வரலாற்றை எழுதியதோடு அதற்கான படங்களையும் பெரும்பாலும் தானே போட்டார். தங்கத்தகடு ஒட்டி ஜொலிக்கும் சுவடிகளைப் பார்த்து மலைத்துப்போனவர்கள் இவரிடமிருந்து தொடங்கலாம். இவருடைய படங்களில் அதிகம் இருப்பது பேனாக் கோடும் மெல்லிய நீர்வண்ணமும்தான்.

முதலில் மை. அந்தக் காலத்து மையின் சரக்கு நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். 30 கிராம் மாசிக்காயை இடித்து 200 மில்லி தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள், அதில் 20 கிராம் அன்னபேதியைப் போட்டதும் கறுக்கத் தொடங்கும், அப்புறம் 10 கிராம் பிசினைக் கரைத்தால் மை தயார். எழுதும்போது வெளிறித் தெரிந்தால் பயப்படாதீர்கள், காற்றுப் பட்டுக் கறுக்கும். எஃகு நிப்பை இது அரிக்கும், உடனே கழுவிவிடுங்கள். சமையல் பாத்திரத்தில் இந்த மையைச் செய்யாதீர்கள்.

தாள், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வழவழப்பானது. பென்சிலால் இரண்டு பத்திகளுக்கு லேசாகக் கோடு போட்டு, அடியில் நிறைய இடம் விடுங்கள்.

என்ன வரைவது? 1255இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி அனுப்பிய யானை லண்டன் கோபுரம் என்ற கோட்டைக்கு வந்தபோது மேத்யூ அதை வரைந்தார், பக்கத்தில் பாகனையும் நிறுத்தி, இந்த ஆளை வைத்து யானையின் பருமனைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியும் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, ஏனென்றால் யானையே பார்க்காத வாசகனை மனதில் வைத்துப் போட்ட படம் அது. நீங்களும் இந்த வருடம் கண்ணால் பார்த்த ஒன்றை எடுங்கள், வருடத்தை மேலே போட்டு நாலு வரி எழுதுங்கள், படத்தில் அளவு புரிய ஒரு ஆளைச் சேருங்கள்.

மை ஒரு இரவு முழுக்கக் காயட்டும். பிறகு நிறைய தண்ணீரில் கரைத்த பச்சையையோ பழுப்பையோ துணி மடிப்புகளிலும் நிழல் விழும் இடங்களிலும் மட்டும் ஓட்டுங்கள். மற்ற இடமெல்லாம் வெறும் தாளாகவே இருக்கட்டும், நிரப்பிவிட்டால் கோட்டின் உயிர் போய்விடும்.

கடைசியாக ஓரக்குறி. ஒரு பிரபு இறந்த செய்திக்குப் பக்கத்தில் அவருடைய குலச்சின்னம் பொறித்த கேடயத்தைத் தலைகீழாக வரைவார் மேத்யூ, புரட்டும்போதே கண்ணில் படும். உங்கள் பக்கத்தில் யாருடைய மரணமாவது வந்தால் அதையே போடுங்கள், மற்றவற்றுக்கு நீங்களே ஒரு குறி வைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் மாற்றாமல் பயன்படுத்துங்கள்.