தட்டில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் போன மாதம் உணவு வகுப்பு எடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். ராகிக்களி, பண்ணைக்கீரைக் கடைசல், தட்டப்பயறுக் குழம்பு. பார்க்கவே மனசு நிறைந்தது. கை கழுவிவிட்டு வந்ததும் ஃப்ளாஸ்கைத் திறந்து ஆளுக்கொரு டம்ளர் டீ ஊற்றினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

மென்று தின்னுங்கள், ராத்திரி பத்து மணிக்குப் புரோட்டா வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நல்ல சாப்பாட்டுக்கு மாறியவர்கள் மாறிய பிறகும், தின்ற சத்து உடம்பில் சேராதபடி செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சாப்பாட்டோடு டீ, காபி

எனக்கு அப்போது 41 வயது. மாதவிலக்கு தாறுமாறாகி, உதிரப்போக்கு அதிகமாக இருந்த காலம். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகள் பத்தாவது படித்த வருஷம் அது. அவளோடு உட்காரத் தெம்பில்லாமல் எட்டு மணிக்கே படுத்துவிடுவேன்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. முருங்கைக்கீரை, கம்மஞ்சோறு, கொள்ளு, பேரீச்சம்பழம் எல்லாம் சாப்பிட்டேன். இரும்புச்சத்து மாத்திரையையும் ஒருநாள் விடாமல் போட்டேன். ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் 9.4. புதிதாகப் பார்த்த டாக்டர் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாத்திரைய எதோட போடறீங்கம்மா?"

"டிபன் சாப்பிட்டுட்டு, காபியோடதானுங்க டாக்டர்."

உணவியல் படித்தவள் நான். டீயில் இருக்கிற டானினும் காபியில் இருக்கிற பாலிஃபீனாலும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எழுதியதை என் டம்ளரோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

1983இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது உடம்பில் இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீயாக இருந்தால் 64 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே அளவு நஷ்டம். ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் நஷ்டமே இல்லை. "சாப்பிட்ட உடனே குடிக்கறதில்லைங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கறி, ஈரல், ரத்தப்பொரியலில் உள்ள இரும்பை டீ அவ்வளவாகத் தொடாது. ராகி, கம்பு, கீரை, பயறு இவற்றில் உள்ள இரும்புதான் மாட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் கறி ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற ஆறு நாளும் தானியமும் பயறும்தான் இரும்பு தர வேண்டும். அதைத்தான் ஒரு டம்ளர் டீ தடுத்துவிடுகிறது. பால் ஊற்றிவிட்டால் பரவாயில்லை என்றும் நம்ப வேண்டாம். பாலில் இருக்கும் கால்சியமும் இரும்போடு போட்டி போடும்.

அன்றைக்கு வகுப்பில் ஒரு அம்மணி கேட்டார்: "ஏனுங்க்கா, சோறு தின்னதும் ஒரு டீ குடிச்சாத்தானுங்க செமிச்ச மாதிரி இருக்குது. அதையும் உடச் சொன்னா எப்படிங்க?"

விடச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றச் சொன்னேன். காலை ஆறு மணிக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன். பதினோரு மணிக்குப் பேக்கரி டீ, ஒரு மணிக்குச் சோறு. மறுபடியும் நாலு மணிக்கு டீ. மூன்று டம்ளரும் அப்படியே இருக்கின்றன, சாப்பாட்டோடு மோதவில்லை. சாப்பாட்டோடு நெல்லிக்காய்த் துவையலோ, பாதி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ, ஒரு கொய்யாவோ சேர்த்தால் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். நான் செய்ததும் இவ்வளவுதான். மாத்திரையை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டேன். நாலே மாதத்தில் 11.8.

மாவைக் கரைத்து உடனே கிண்டுவது

தானியத்திலும் பயறிலும் ஃபைட்டேட் என்று ஒன்று இருக்கிறது. இரும்பு, துத்தநாகம், கால்சியம் மூன்றையும் கட்டிப்போடும். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது குறையும். என் அம்முச்சி (அம்மாவின் அம்மா) கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்து, தண்ணீர் ஊற்றிவைத்து, மறுநாள்தான் மோர் விட்டுக் கரைப்பார். ராகி மாவையும் முதல்நாள் பொழுதோடவே கரைத்துவிடுவார். கடையில் வாங்கிய ராகி மாவைப் பத்து நிமிஷத்தில் கஞ்சியாக்கிக் குடிப்பவர்களுக்கு ராகி கிடைக்கிறது, ராகியின் சத்து முழுதாகக் கிடைப்பதில்லை. கொள்ளையும் ராத்திரியே ஊறப்போடுங்கள். வயிறு உப்புவதும் குறையும்.

எண்ணெய் இல்லாத கீரை

ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். கீரையில் இருக்கும் கரோட்டின்தான் உடம்பில் வைட்டமின் ஏ ஆகிறது. கொழுப்பு இல்லாமல் அது சரியாகச் சேராது.

ஒரே வாரத்தில் அரிசியை நிறுத்துவது

குடல் பழகவேண்டும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் சிறுதானியம், அப்புறம் மெதுவாகக் கூட்டலாம். தண்ணீரும் கூடவேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று மோரையும் விடுவது

வேண்டாம். பலருக்கு ஒத்துக்கொள்ளாதது பாலில் இருக்கும் சர்க்கரைதான். புளிக்கும்போதே அதில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கிற ஒரு மாத்திரை. யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பலருக்கு ஞாபகமே இல்லை. முட்டை, பால், கறியில் உள்ள வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். வயது ஏற ஏறச் சிலருக்கு அமிலம் தானாகவே குறையும். அதற்கு மேல் மாத்திரையும் சேர்ந்தால், சாப்பிட்டும் பி12 சேராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். புரட்டாசியில் ஒரு மாதம் கறி தின்னாததால் ஒன்றும் ஆகிவிடாது. ஈரல் பி12ஐ வருஷக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். அதனாலேயே குறைவது வெளியே தெரியவும் நாளாகும். பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல் இருப்பது, ஞாபகம் தடுமாறுவது என்று ஆரம்பிக்கும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்தம் குறைந்தால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வது

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, ஆணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால் முதலில் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், மூல நோயாக இருக்கலாம், குடலில் கட்டியாகவும் இருக்கலாம். கீரை தின்று பார்க்கிறேன் என்று ஆறு மாதம் தள்ளாதீர்கள். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மாத்திரை போடாதபோது தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.