அணை நீரில் உயிர் உற்பத்தி: பல ஆண்டுப் பதிவைக் கெடுக்கும் தவறுகள்

தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் சாத்தனூர் அணை இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989 வரை வட ஆற்காட்டைச் சேர்ந்தது. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 7.5 மெகாவாட் புனல் மின்நிலையமும் உண்டு. இப்படிப்பட்ட நீரில் நுண்பாசி எவ்வளவு விளைகிறது, அதை நம்பி எவ்வளவு மீன் வாழும் என்று ஓராண்டு அளவை வைத்துச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு பாழாவது பெரும்பாலும் கருவிக் கோளாறால் அல்ல, நோட்டில் எழுதாமல் விட்ட ஓரிரு வரிகளால்.

அப்படி விடுபடுவதில் முதலாவது நீர்மட்டம். ஏரிபோல் மெதுவாக ஏறி இறங்கும் நீரல்ல இது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் திறந்து மூடப்படும் நீர். ஒரு கணக்குப் பாருங்கள். விநாடிக்கு 1,000 கன அடி வெளியேறினால், நிறைந்த சாத்தனூர் அணையின் நீர் முழுவதும் மாற ஏறக்குறைய 85 நாள் ஆகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வேகம் அப்படியே நீடித்தால் 12 மணி நேரம் போதும். நுண்பாசி ஒருமுறை இரட்டிப்பாவதற்குள் தண்ணீரே போய்விடும். அந்த வாரத்தில் நுண்பாசியின் அளவைக் காட்டும் பச்சையம் குறைவாக இருந்தால் சத்துக் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. அடித்துப் போனதுதான் காரணம். எனவே ஒவ்வொரு மாதிரியோடும் அன்றைய நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், விசையாழி ஓடிய மணி ஆகிய நான்கையும் எழுதுங்கள். விசையாழிக்கு ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் அணைகளில், அது ஓடும் நாளிலும் நிற்கும் நாளிலும் அணையருகே நீர் ஒரே மாதிரி இராது.

மட்டம் இறங்கும்போது இன்னொரு தவறு சேர்ந்துகொள்ளும். ஆறு வந்து கலக்கும் இடத்தில் குறித்த மாதிரி இடம் சித்திரை வைகாசியில் வறண்டு தரையாகிவிடும். படகு போகும் இடத்தில் எடுத்துவிட்டு, பழைய பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள். இடம் மாறினால் குறியீடும் மாற வேண்டும். வறண்டிருந்தால் ‘வறட்சி’ என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான். அணை முழுவதற்குமான உற்பத்தியைக் கணக்கிடும்போது முழு மட்டப் பரப்பைக் கொண்டு பெருக்குவதும் இதே வகைத் தவறு. அன்றைய மட்டத்துக்கு உரிய பரப்பை அணையின் பரப்பு–கொள்ளளவு அட்டவணையில் பார்த்து எடுக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்ச பாட்டில், இருட்டு பாட்டில் முறை. ஒரே நீரை இரண்டிலும் நிரப்பிச் சில மணி நேரம் அணையில் தொங்கவிடுவார்கள். வெளிச்ச பாட்டிலில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் நடக்கும், இருட்டு பாட்டிலில் சுவாசம் மட்டும்; இரண்டின் ஆக்சிஜன் வித்தியாசமே உற்பத்தி. எளிய முறைதான், ஆனால் கை பழகாதவரிடம் அதிகம் பிழைபடுவதும் இதுவே. 300 மில்லி கண்ணாடி பாட்டிலின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு, இரண்டு மூன்று மடங்கு நீர் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும். மூடியபின் பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள், கழுத்தில் கடுகளவு குமிழி இருந்தாலும் அதைக் கொட்டிவிடுங்கள். இருட்டு பாட்டிலுக்குக் கறுப்பு டேப் மட்டும் போதாது; மூடியும் சேர அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். படகு நிழலில் பாட்டிலைத் தொங்கவிடாதீர்கள், மிதவையில் கட்டி விலக்கி விடுங்கள்.

தொங்கவிட்ட பாட்டில்களை மேலே எடுத்தவுடன் படகிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் தலா 1 மில்லி விட்டு ஆக்சிஜனை நிலைநிறுத்த வேண்டும். வேலூர் ஆய்வகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வெயிலில் மூன்று மணி நேரப் பயணத்தில் பாட்டிலுக்குள் சுவாசம் தொடர்ந்து நடக்கும். வருவது அணையின் அளவாக இராது.

கணக்கிலும் கவனம் வேண்டும். வெளிச்ச பாட்டிலில் லிட்டருக்கு 8.6, இருட்டில் 6.4 மில்லிகிராம் ஆக்சிஜன் என்றால் வித்தியாசம் 2.2. நான்கு மணி நேரம் வைத்திருந்தால் மணிக்கு 0.55. அதை 312.5 ஆல் பெருக்கினால், ஒரு கன மீட்டரில் மணிக்குச் சுமார் 172 மில்லிகிராம் கார்பன். இது ஒளிச்சேர்க்கைக் கெழுவை, அதாவது வெளிவரும் ஆக்சிஜனுக்கும் சேரும் கார்பனுக்கும் உள்ள மூலக்கூறு விகிதத்தை, 1.2 என்று கொண்ட கணக்கு. கெழுவையும் நோட்டில் குறியுங்கள். காலை 10 முதல் பிற்பகல் 2 வரை கிடைத்த இந்த வேகத்தை 12 ஆல் பெருக்கி நாள் உற்பத்தி என்பது தவறு. உச்சி வெயிலின் வேகம் நாள் முழுக்க இருப்பதில்லை.

நீரின் தெளிவை அளக்க இறக்கும் செக்கி தட்டின் கயிறு நனைந்து காய்ந்து நீளும், சுருங்கும். மாதம் ஒருமுறை அளவு டேப் வைத்துச் சரிபாருங்கள். பச்சையத்துக்கு வடிகட்டிய தாளை வெயில் படாமல் மடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். எத்தனை மில்லி வடித்தீர்கள் என்பதை அந்த உறையின்மேலேயே எழுதுங்கள்.

மீன்பிடி அளவை உற்பத்தியாகக் கொள்ளாதீர்கள். கட்லா, ரோகு குஞ்சுகள் எத்தனை விட்டார்கள், எத்தனை பரிசல் இறங்கியது, வலைக்கண் எவ்வளவு என்று தெரியாமல் கிலோக் கணக்கு எதையும் சொல்லாது.

நிலைநிறுத்திய ஆக்சிஜனைச் சொட்டுச் சொட்டாக வேதிக்கரைசல் விட்டு அளக்கும் டைட்ரேஷனை விட்டுவிட்டு ஆக்சிஜன் மீட்டருக்கு மாறுவதானால், குறைந்தது 12 மாதம் இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்த்து அளந்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் பத்தாண்டுக்குப் பின் தெரியும் ‘மாற்றம்’ அணையில் நடந்ததா, மீட்டர் வாங்கிய நாளில் நடந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. குடியாத்தம் பக்கம் மோர்தானா அணையில் அளந்தாலும் இதே நடைமுறைதான். அங்கே வெளியேற்றப் பத்தியில் மதகு திறந்த நேரத்தை எழுதுங்கள்.