மட்டக்களப்பு, அம்பாறையில் நர்சிங் கோர்ஸ் சேரப் போகிறீர்களா? காசு கட்டுமுன் இதைப் பாருங்கள்

ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு வந்த கிழமையே கல்முனை பஸ் நிலையத்தில் இருந்து வாழைச்சேனை வரைக்கும் மதிலெல்லாம் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். ஆறு மாத நர்சிங், மூன்று மாத பார்மசி, வெளிநாட்டு வேலை உறுதி. வீட்டில் அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிடுவார். அந்த நகை கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். ஒரு நாள் மினக்கெட்டால் போதும்.

என் தங்கச்சியின் கதையில் இருந்தே தொடங்குகிறேன். ஏ.எல். முடித்த வருசம் டவுனில் ஒரு தனியார் இடத்தில் நர்சிங் சேர்ந்தாள். மூன்று தவணையில் காசு கட்டினோம். கடைசியில் தங்க நிற முத்திரை போட்ட தடித்த சர்டிபிகேட் ஒன்று தந்தார்கள், அம்மா அதை பிரேம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனோம். அங்கே இருந்த அக்கா முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், அப்புறம் மெதுவாக, "என்.வி.கியூ. இல்லையா தங்கச்சி?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சொல்லே புதிது. அது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் வேலை: "நர்சிங்" என்று சொல்வது எதை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். "மகள் நர்சிங் படிக்கிறா" என்றால் அது மூன்று வேறு வேறு படிப்புகளில் எதுவாகவும் இருக்கலாம், மூன்றுக்கும் போகும் வழி வேறு, முடிவில் கிடைக்கும் வேலையும் வேறு.

அரச ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சீருடையில் நிற்கும் தாதிய உத்தியோகத்தர் ஆக வேண்டுமென்றால், சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது போட வேண்டும். தெரிவானால் மூன்று வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச தாதியர் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. இதற்கு எந்தத் தனியார் கோர்ஸும் முன்தகைமை இல்லை. "எங்களிடம் படித்தால் கவர்ன்மென்ட் எடுப்பார்கள்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். குடும்பநல மருத்துவிச்சிக்கும் இதே வர்த்தமானி வழிதான், அது 18 மாதப் பயிற்சி. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், அரச அச்சகத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே பார்க்கலாம். என்ன பாடம், என்ன தரம், எத்தனை வயது என்பது அந்தந்த அறிவித்தலில் எழுதியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா போட்ட வருசத்து நிபந்தனையை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது பட்டப்படிப்பு. ஏ.எல்.லில் உயிரியல் பிரிவு, இசற் புள்ளி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், இந்த மூன்றும் சேர்ந்த வழி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கியப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் நமது மட்டக்களப்பிலேயே இருக்கிறது. மருத்துவத்தோடு தாதியர் பட்டமும் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானமும் சேர்த்து இருக்கிறது. கைநூலில் மருத்துவத்துக்குக் கீழே இருக்கும் இந்தத் துறைகளின் பெயரையே வாசிக்காமல் விட்டுவிட்டு, பிறகு கவலைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர்.

மூன்றாவதுதான் போஸ்டரில் இருப்பது, சான்றிதழ் கோர்ஸ். இதைக் குறைத்துச் சொல்லவில்லை. முதியோர், பிள்ளைகள் பராமரிப்பாளர் வேலைக்கு நாட்டிலும் வெளியிலும் உண்மையான தேவை இருக்கிறது. ஆனால் இதை முடித்தவர் பதிவு பெற்ற தாதி ஆகமாட்டார். தாதியரைப் பதிவு செய்வது இலங்கை தாதியர் சபை, மருந்தாளர், மருத்துவிச்சி போன்றோரைப் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. சேரப்போகும் இடத்தில் நேராகவே கேளுங்கள்: "இதை முடித்தால் எந்தச் சபையில் பதிய முடியும்?" பதிய முடியாது என்று நேர்மையாகச் சொல்லும் இடத்தை நான் மதிப்பேன்.

அடுத்தது: நிறுவனத்தின் பதிவு, கோர்ஸின் அங்கீகாரம் இரண்டையும் பாருங்கள், ஒன்றை மட்டும் அல்ல

இந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கையில் தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழு, சுருக்கமாக ரிவெக். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. நிறுவனத்தைப் பதிவது ஒரு வேலை. அந்த நிறுவனம் நடத்தும் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தராதரம் பார்த்து அங்கீகாரம் கொடுப்பது வேறு வேலை. நிறுவனம் கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கும், நீங்கள் சேரும் பராமரிப்பாளர் கோர்ஸுக்கு இருக்காது, ஆனால் போஸ்டரில் "ரிவெக் பதிவு பெற்றது" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பொய்யும் இல்லை. தங்கச்சி படித்த இடமும் பதிவு பெற்ற இடம்தான்.

ஆகவே போனில் ரிவெக் இணையத்தளத்தைத் திறந்து நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் வந்தால் அதோடு நிறுத்தாமல், அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் பட்டியலில் உங்கள் கோர்ஸ் இருக்கிறதா, எத்தனையாம் மட்டம், அங்கீகாரம் எந்தத் திகதி வரை என்று பாருங்கள். திகதி முடிந்திருந்தால் புதுப்பித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன் வேலை தெரியாதவர்கள் பிரதேச செயலகத்தில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார், அல்லது அரச தகவல் நிலையத்தின் 1919க்கு போன் எடுத்து எங்கே கேட்பது என்று விசாரிக்கலாம்.

மட்டம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டம். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது 3 அல்லது 4. ஓ.எல்.லில் கணிதம் போய்விட்டது, படிப்பு முடிந்தது என்று மூலையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஏணி முக்கியம், ஏனென்றால் 4இல் இருந்து 5க்கு ஏறலாம், அங்கிருந்து மேலேயும் போகலாம். பாடசாலையிலேயே 13 வருடக் கல்வித் திட்டத்தின் கீழ் தொழிற் பாடப் பிரிவு இருக்கிறது, அதற்கு ஓ.எல். சித்தி தேவையில்லை. அதிபரிடம் கேட்டுப் பாருங்கள்.

காசு இல்லாத வழியை முதலில் தட்டுங்கள்

தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரி, நைற்றா என்ற தொழில் பயிலுனர் பயிற்சி அதிகார சபை. இந்த மூன்றையும் போய்ப் பார்க்காமல் தனியாருக்குக் காசு கட்டாதீர்கள். சுகாதாரம்தான் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு ஏ.எல். முடித்த பிறகு உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன: மட்டக்களப்பில் ஒன்று, சம்மாந்துறையில் ஒன்று, அம்பாறையில் ஹார்டி. கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் மாதிரி உயர் தேசிய டிப்ளோமாக்கள், முழுநேரமாகப் படித்தால் கட்டணம் இல்லை.

தனியாரிடம்தான் போவது என்றால்

வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள், ஒபிசில் உட்கார வைத்து ஜூஸ் தரும் நேரத்தில் அல்ல. கட்டில், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பயிற்சிக்கான பொம்மை உடல் இவை இருக்கிறதா, பிள்ளைகள் கையால் தொட்டுப் பழகுகிறார்களா என்று பாருங்கள். தங்கச்சியின் வகுப்பில் முப்பது பேருக்கு ஒரு பிரஷர் மெசின், அதன் காற்றுப்பையும் ஓட்டை. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி அல்லது முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள், அதற்குக் கடிதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முழுக் காசையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, அதில் கோர்ஸின் பெயரும் மட்டமும். என்.வி.கியூ. மதிப்பீட்டுக் கட்டணம் இதற்குள்ளேயா வெளியேயா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாடு என்று சொன்னால் இன்னும் கவனம். ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக ஜப்பான் மொழிப் பரீட்சையும் தொழில் திறன் பரீட்சையும் தனியாகச் சித்தியடைய வேண்டும், உள்ளூர் சர்டிபிகேட் மட்டும் போதாது. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம்.

ஏற்கனவே காசு போய்விட்டதா?

அப்படியானவர்களுக்கும் வழி இருக்கிறது. தங்கச்சி பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருசம் வேலை செய்தாள். அந்த அனுபவத்தை வைத்து முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் நைற்றாவுக்கு விண்ணப்பித்தோம். வேலை செய்த இடத்துக் கடிதங்கள், செய்த வேலைகளின் பதிவு எல்லாம் கோவையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து, படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லி, விரிப்பு மாற்றச் சொல்லி, இடையிடையே ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தமிழிலேயே கேட்டார். இரண்டு வருசம் தினமும் செய்த வேலை, அவளுக்குத் தடுமாற்றமே இல்லை. நான்காம் மட்டம் கிடைத்தது.

கடைசியாகப் பெயர் விசயம். நமது பிள்ளைகளின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். தங்கச்சி தர்சினி, அடையாள அட்டையில் ரி-எச், ஓ.எல். சான்றிதழில் டி-எச். என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்த பிறகு பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை என்று திருத்த அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. விண்ணப்பம் நிரப்பும் அன்றே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுத் தாள் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக விரலால் தொட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.