பெரிதாகச் சாதிக்க மனதைப் பழக்குவது எப்படி?

வேலூர்ப் பக்கம் குரூப் 4, நீட், வங்கித் தேர்வு என்று எதற்காவது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் பேசினால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "படிக்கணும்னு ஆசை இருக்குண்ணா, ஆனா மனசு ஒட்ட மாட்டேங்குது." அதற்காக ராத்திரி பன்னிரண்டு மணி வரை மோட்டிவேஷன் வீடியோ பார்க்கிறார்கள். பார்க்கும்போது ரத்தம் கொதிக்கும், காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. மனசு வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் வருஷம்தான் போகும். முதலில் வேலை, அதில் கையில் கிடைக்கும் ஒரு சின்ன வெற்றி, அதற்குப் பின்னால்தான் நம்மால் முடியும் என்ற தைரியம் வரும். இந்த வரிசையை மாற்றிப் போடாதீர்கள்.

நம்ம சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கத்தைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க் (தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது) 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அவர் பேரைச் சொல்லிக் கைதட்டுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறோம். அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் நமக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். இந்த இரண்டு வகைக்கும் தனித்தனியாக மூன்று வாய்ப்பு, ஒன்றில் மூன்றும் போய்விட்டால் மொத்தக் கணக்கே கிடையாது, அதனால் பொதுவாக முதல் வாய்ப்புக்கு உறுதியாகத் தூக்க முடியும் என்று தெரிந்த எடையைத்தான் கேட்பார்கள். சாதனை எடையெல்லாம் அப்புறம்தான். நம் பிள்ளைகளோ முதல் நாளே "இன்னையிலிருந்து பதினாலு மணி நேரம்" என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறார்கள், மூன்றாம் நாள் அதைப் பார்க்கவே கூச்சப்படுகிறார்கள்.

ஆகவே உங்கள் முதல் எடையை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான நாளிலும், வீட்டில் விருந்தாளி இருந்தாலும், காய்ச்சல் விட்ட மறுநாளாக இருந்தாலும் செய்துவிடக்கூடிய அளவாக அது இருக்கட்டும். குரூப் 4-க்குப் படிப்பவர் என்றால் காலையில் இருபது கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். அது முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் படியுங்கள், ஆனால் அந்த இருபது மட்டும் விடுபடக் கூடாது. ஒரு வாரமோ பத்து நாளோ அது சுலபமாகப் போனதும் கொஞ்சம் ஏற்றுங்கள். இருபது இருபத்தைந்து ஆகட்டும், ஐம்பதுக்குத் தாவாதீர்கள்.

நேரத்தையும் ஊருக்குத் தகுந்த மாதிரி வையுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே பதினொரு மணிக்கு மேல் மெத்தை வீட்டில் உட்கார்ந்து கஷ்டமான பாடம் படிப்பது வீண். கணக்கு, இலக்கணம் மாதிரி மூளை வேண்டியதையெல்லாம் விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்குப் பழைய பாடத்தைப் புரட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: தப்பை என்ன செய்வது? மாதிரித் தேர்வு எழுதுகிறோம், 200-க்கு 118 சரி என்று வருகிறது, முகம் வாடிப்போகிறது, "நமக்கெல்லாம் வராது போல" என்று தாளை மூடி வைத்துவிடுகிறோம். அந்த 118-ஐப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, மீதி 82-இல்தான் எல்லாம் இருக்கிறது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஒருவர் தவறவிட்டால், தோளுக்குக் கொண்டுவரும்போது போனதா, தலைக்கு மேல் தள்ளும்போது போனதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் பயிற்சி வேறு. அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். தெரியவே தெரியாது என்றால் 'தெ', படித்ததுதான் ஆனால் குழம்பிவிட்டது என்றால் 'கு', கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்றால் 'ப', நேரம் போதாமல் போனது என்றால் 'நே'. 'தெ' நிறைய இருந்தால் புதுப்பாடம் படிக்க வேண்டும். 'கு' நிறைய இருந்தால் புதுப் புத்தகத்தைத் தொடவே கூடாது, படித்ததையே திருப்ப வேண்டும். 'ப'வும் 'நே'யும் நிறைய இருந்தால் கடிகாரத்தை வைத்து எழுதிப் பழக வேண்டும், ஏனென்றால் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். இப்படிப் பிரித்துப் பார்க்கிறவருக்கு "நான் லாயக்கில்லை" என்ற நினைப்புக்கே நேரம் இருக்காது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்.

சரி, எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது வாழ்க்கையே குறுக்கே வந்தால்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலைமை எத்தனையோ வீட்டில் வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. இனி நின்றுகொண்டு அறுவை செய்ய முடியாது. ஆனால் கைகள் இருந்தன. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சரிசெய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் வழிகாட்ட, சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்று, செய்தார். அப்புறம் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரிலேயே அந்தத் துறையை நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நிலைமை மாறினால் ஒரு தாளை எடுத்து, போனது என்ன என்று ஒரு பக்கமும் இன்னும் கையில் இருப்பது என்ன என்று மறுபக்கமும் எழுதுங்கள். வேலைக்குப் போகிறீர்களா, காட்பாடியிலிருந்து ரயிலில் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம் படிக்க இருக்கிறது. முதல் எடையை அதற்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளுங்கள். குறைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்குத் தொடையில் காயத்தோடு போன சதீஷ் தூக்கியது 317 கிலோ, நான்கு வருஷத்துக்கு முன்னால் தூக்கியதைவிட 11 கிலோ குறைவு, அதற்கும் தங்கம்தான்.

கடைசியாக ஊர்ப் பேச்சு. கல்யாண வீட்டுப் பந்தியில் "என்னப்பா, இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கியா?" என்று கேட்கும் மாமாவுக்கு "ஆமாம் மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், எல்லாருக்கும் விளக்கம் சொல்லித் தெம்பைச் செலவழிக்காதீர்கள். ஆனால் ஒரே ஒருவரை மட்டும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அக்காவாக இருக்கலாம், கூடப் படிக்கிற நண்பனாக இருக்கலாம், பள்ளியில் பாடம் எடுத்த வாத்தியாராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் மார்க்கைக் காட்ட வேண்டாம், அந்த நாற்பது பக்க நோட்டைக் காட்டுங்கள். போன வாரம் 'கு' போட்ட கேள்விகளில் நாலைந்தை அவர் திருப்பிக் கேட்கட்டும்.