லுமென், லக்ஸ், கேண்டெலா: படிக்கிற மேசைக்கு வெளிச்சம் போதுமா?

பல்பு வாங்கப் போனால் "எத்தனை வாட்ஸ்?" என்றுதான் கடையில் கேட்பார்கள். வாட்ஸ் என்பது பல்பு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு அல்ல. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 8, 9 வாட்ஸ் எல்இடி பல்பே தந்துவிடுகிறது. அதனால் அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் லுமெனைத் தேடிப் பாருங்கள்.

லுமென், பல்பிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த ஒளி. லக்ஸ், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் லுமென். கேண்டெலா, ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவு.

படி 1: அறைக்கு

நாம் அறையைச் சதுர அடியில் சொல்வது இங்கே வசதி. லுமெனைச் சதுர அடியால் வகுத்தால் அடி-கேண்டில், அதை 10.76 ஆல் பெருக்கினால் லக்ஸ்.

10க்கு 12 அறை, 900 லுமென் பல்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.
900 ÷ 120 = 7.5 அடி-கேண்டில்
7.5 × 10.76 = சுமார் 81 லக்ஸ்

இதுவும் ஒளி முழுவதும் கீழே வந்தால்தான். சுவர், பரண், அலமாரி எல்லாம் ஒரு பங்கை விழுங்கிவிடும். பாதிதான் மிஞ்சும் என்று வைத்தால் 40 லக்ஸ். படிக்க, எழுத 300 லக்ஸாவது வேண்டும். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இந்த ஒற்றை பல்புக்கு முதுகைக் காட்டி, தங்கள் நிழல் விழுந்த நோட்டில்தான் எழுதுகிறார்கள். நோட்டில் 40 கூட இருக்காது.

படி 2: மேசை விளக்குக்கு

400 லுமென், ஒளி விரியும் கோணம் 120 டிகிரி என்றால் லுமெனை 3.14 ஆல் வகுங்கள்: சுமார் 127 கேண்டெலா. அப்புறம் தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தால் வகுங்கள். அரை மீட்டர் உயரத்தில் 127 ÷ 0.25 = சுமார் 510 லக்ஸ். அதே விளக்கை ஒரு மீட்டருக்குத் தூக்கினால் வெறும் 127. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

வேறு கோணம் என்றால் 3.14க்குப் பதிலாக 6.28 × (1 − cos பாதிக்கோணம்); cos என்பது கால்குலேட்டரில் இருக்கும் கொசைன் பொத்தான். 60 டிகிரிக்குப் பாதிக்கோணம் 30, இது 0.84, அதே 400 லுமென் சுமார் 475 கேண்டெலா ஆகிவிடும். லுமென் கூடவில்லை, ஒளி குவிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 3: டார்ச்சுக்கு

கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2 ஆல் பெருக்கினால் மீட்டரில் வீச்சு. 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம்.

படி 4: சரிபார்ப்பது

லக்ஸ் மீட்டர் செயலியைத் திறந்து, செல்போனைத் திரை மேலே பார்க்கும்படி நோட்டின் மேல் வையுங்கள். போனுக்குப் போன் எண் மாறும், அதனால் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 300க்கு ரொம்பக் கீழே காட்டினால், புது பல்பு வாங்கும் முன் விளக்கைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும்.