பழகிப்போனது உடம்பு இல்லைங்க, கிருமி

பெருந்துறை பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன வருடம் நீர்க்கடுப்பு வந்தது. மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையை நாலு நாள் போட்டும் எரிச்சல் குறையவில்லை. அப்புறம்தான் டாக்டரிடம் போய், சிறுநீரை லேபுக்குக் கொடுத்து கல்ச்சர் பார்த்தோம், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை. இரண்டு நாள் கழித்து வந்த காகிதத்தில் மேலே ஈ.கோலை என்று கிருமியின் பெயர், கீழே வரிசையாக மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் அந்தக் கிருமிக்கு மருந்து வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது. சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், செஃபிக்சைம் ஆர், இப்படியே போய், பழைய மருந்தான நைட்ரோஃபுரன்டாயினுக்கு எதிரேதான் எஸ் இருந்தது. அதுதான் கடைசியில் கேட்டது.

இத்தனை ஆர் வந்தால் ‘மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு’ என்பார்கள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "தலைவலிக்குக்கூட மாத்திரை முழுங்காதவ கண்ணு நானு, எனக்கெப்படி மருந்து பழகிப்போகும்?"

எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு இல்லை, கிருமி. மருந்து போட்டதும் சாகிற கிருமிகள் செத்துவிடும், தாக்குப்பிடிக்கத் தெரிந்தவை மிஞ்சிப் பெருகும், போதாக்குறைக்கு அந்த வித்தைக்கான மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு சாதிக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். அவை குடலில் சும்மா குடியிருக்கும், கை வழியாக, தண்ணீர் வழியாக, சோறு வழியாக வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அதனால் மாத்திரையே தொடாத ஆளுக்கும் மாத்திரைக்கு அடங்காத கிருமி வரலாம். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைப்பதும் தவறுதான்.

சரி, கிருமிக்கு யார் பழக்கிவிடுகிறோம்? திருப்பூரில் பனியன் கம்பெனி, சோமனூரில் தறி, எங்கே வேலை செய்தாலும் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் சாயங்காலம் மெடிக்கலில் நின்று "காய்ச்சலுங்க, உடம்பு வலி, ரெண்டு நேரத்துக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்பவரை என்னால் திட்ட முடியாது. ஆனால் அந்தக் காகிதக் கவருக்குள் காய்ச்சல் மாத்திரை ஒன்று, சளிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, கூடவே அசித்ரோமைசினோ செஃபிக்சைமோ, பாக்டீரியாக் கிருமிக்கான ஆன்டிபயாடிக் ஒன்று இருக்கும். சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. காய்ச்சலை இறக்கியது பாராசிட்டமால், பேர் வாங்கியது ஆன்டிபயாடிக். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே சொன்னார்: இது கடையில் யாரும் வாங்கலாம் என்று ஆகும், ஆட்கள் அரைகுறை அளவில் போட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று. நம் செட்டு மாத்திரையைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது.

டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். செஃபிக்சைம் போன்றவற்றுக்கு 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியல் என்று தனி விதியே உண்டு: வாங்குபவர் பெயரையும் டாக்டர் பெயரையும் நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சிவப்புக் கோடு என்றால் சீட்டு வேண்டிய மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கும் அட்டையில் அந்தக் கோடு தெரிந்தால் கடைக்காரரிடம் "இது வேண்டாம், எடுத்திருங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, "பவர் கூட்டிக் குடுங்க." 625 என்று பேர் சொல்லியே வாங்குகிறோமே, அதில் இருப்பது 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். நம்பர் பெரிதானால் மருந்து வீரியமாகிவிடாது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பதுதான் கணக்கு.

வயிற்றுப்போக்கிலும் இதே கதை. இரண்டு தடவை போனவுடனே ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையைத் தேடுவோம். பெரும்பாலும் தேவை ஓஆர்எஸ் கரைசல்தான், குழந்தையாக இருந்தால் டாக்டர் துத்தநாக மாத்திரையும் எழுதுவார். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், குழந்தை துவண்டு போவது என்றால் மட்டும் மெடிக்கலில் நிற்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

மிச்ச மாத்திரையை டப்பாவில் எடுத்து வைத்து, பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு "எனக்குக் கேட்டுச்சுங்க" என்று கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். நடுவில் நிறுத்தலாமா, முழுதும் முடிக்கணுமா என்று சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

மாடு, கோழி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் நம் பக்கத்துப் பிழைப்பு, தெரியும். மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பாக இருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்த பழக்கம் நாட்டில் இருந்ததால்தான் 2019 ஜூலையில் கால்நடை, கோழிகளுக்கு அதை மத்திய அரசு தடை செய்தது. மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று லேபிளில் போட்டிருக்கும், அத்தனை நாளும் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். கறி நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும். பச்சைக்கறி அரிந்த கத்தியிலேயே தக்காளி அரிவதுதான் வம்பு.

கல்ச்சருக்கு வருகிறேன். நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிறது, முதல் மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் நீங்களே டாக்டரிடம் கல்ச்சர் பார்க்கலாமா என்று கேளுங்கள். புது மாத்திரையை ஆரம்பிக்கும் முன்பே மாதிரியைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி வளராமல் ரிப்போர்ட் ஏமாற்றிவிடும். வந்த காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். அம்மா அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் மஞ்சப்பையில் மடித்து வைத்திருக்கிறார்.